பல்லைக் கூரையில் எறிந்த கையோடு

சின்னவனுக்கு முதல் பால் பல் விழுந்தபோது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு, வாய்க்குள்ளிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அரிசியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கீழ் முன்பல். அன்று பிள்ளைகளின் அப்பத்தாவும் வீட்டில் இருந்தார். "பல்லைச் சாணியில பொதிஞ்சு கூரை மேல எறியணும்டா. அப்பத்தான் புதுப் பல்லு நேரா முளைக்கும்" என்று பேரனைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். மதுரையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சாணிக்கு எங்கே போவது? துளசித் தொட்டி மண்ணைக் குழைத்து அதில் பல்லைப் பொதிந்து, லிஃப்ட் அறையின் மேல் எறிந்துவிட்டு வந்தார்கள்.

அந்தப் பல்லை எறிந்த கையோடு அவனை ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் போனோம். அப்போதும் அவனுக்காகப் போகவில்லை. என்னைப் போலத் தெரியாமல் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பெரியவளுக்காகப் போனோம்

மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியவளுக்கு ஒன்பது வயது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பக்கத்துப் பற்கள் இரண்டும் விசிறி மாதிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவள் நாடியைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். "பொம்பளப் பிள்ளை. இப்பவே ஒரு கிளிப்பு போட்டு விட்டுரு" என்பார். நாளாக ஆக அவள் வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டாள். பள்ளிக்கூட குரூப் போட்டோவில் அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே அப்பாயிண்ட்மென்ட் வாங்கினேன்.

டாக்டரம்மா அவள் வாயைப் பார்த்தார். மேல் ஈறுக்கு மேலே, கன்னத்துப் பக்கம், இரண்டு பக்கமும் சுட்டுவிரலால் அழுத்தித் தடவினார். முழு வாய்க்கான எக்ஸ்ரே ஒன்று எடுத்தார். ஓபிஜி என்கிறார்கள். படத்தைத் திரையில் போட்டு, மேலே எலும்புக்குள் இன்னும் முளைக்காமல் படுத்திருந்த இரண்டு கோரைப் பற்களைக் காட்டினார்.

"இந்தக் கோரைப் பல்லு ரெண்டும் இறங்கி வர்ற வழியில, பக்கத்துப் பல்லோட வேரை இப்படி அழுத்திக்கிட்டு இருக்கு. வேர் உள்ள தள்ளினா பல்லு வெளிய சாயும். நடுவுல சந்து விழும். பதினொண்ணு, பன்னெண்டு வயசுல கோரைப் பல்லு இறங்கினதும் பெரும்பாலும் தானா சேர்ந்துரும். இவளுக்கு இப்ப ஒண்ணும் பண்ண வேண்டாம்மா."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது செய்துவிட்டுத்தான் திரும்புவது என்று நினைத்துப் போயிருந்தேன். "ஒரு கிளிப்பாவது போட்டு நெருக்கிவிடக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன். இப்போது நெருக்கினால் பக்கத்துப் பல்லின் வேர், இறங்கி வரும் கோரைப் பல்லின் பாதையில் போய் நிற்கும் வாய்ப்பு இருக்கிறது, வேரே அரிக்கப்படலாம் என்று பொறுமையாக விளக்கினார். இந்தப் பருவத்துக்கு 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' என்று பொருள்படும் ஒரு பெயரை அமெரிக்கப் பல் மருத்துவர் பிராட்பென்ட் 1937-இல் வைத்தாராம். இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் அதுதான் பெயர். என் பிள்ளைக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. "உன் பல்லு இன்னும் வேலையை முடிக்கல, அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன்.

எழுந்து கிளம்பும் நேரம். சின்னவன் மூலை நாற்காலியில் என் போனை வைத்துக்கொண்டு, வழக்கம்போல வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். டாக்டரம்மா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, நீ கொஞ்சம் இங்க வாப்பா."

டப்பாவை விடச் சின்ன மூடி

அவனை நாற்காலியில் சாய்த்து, "மெதுவா, ரொம்ப மெதுவா வாயை மூடு" என்றார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முதலில் தொட்டுக்கொண்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இப்ப நல்லா கடி" என்றார். அவன் கடித்தபோது கீழ்த்தாடை சட்டென்று வலது பக்கமாக நகர்ந்தது. நாடி மூக்குக்கு நேராக இல்லை. ஏழரை வருஷமாக நான் தினமும் முத்தம் கொடுக்கும் முகம் அது. ஒரு நாளும் நான் அதைக் கவனித்ததில்லை.

"எவர்சில்வர் டப்பாவுக்கு மூடி எப்படி இருக்கும்? டப்பாவை வெளிய சுத்திப் பிடிச்சுக்கும். மேல் பல் வரிசை அந்த மூடி. கீழ் வரிசை டப்பா. இவனுக்கு மூடி டப்பாவை விடக் குறுகலா இருக்கு. நேரா கடிச்சா பல்லோட முனையும் முனையும் முட்டுது. மெல்லணும்ல? அதனால தாடையை ஒரு பக்கமா தள்ளி, உட்கார ஒரு இடம் தேடிக்கிறான். இப்ப இது வெறும் பழக்கம். இப்படியே வளர்ந்தா எலும்பே கோணலா வளர்ந்துரும்."

இதற்கு கிராஸ்பைட் என்று பெயர். அவன் ஒரு பக்கமாகவே மெல்லுகிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். ஒரு வருஷத்துக்கு முன் சொத்தைப் பல் அடைக்கப் போன இடத்தில் அதைச் சொல்லவும் செய்தேன். "பால் பல்லுதானேம்மா? எல்லாம் விழுந்து முளைக்கட்டும். பதிமூணு வயசுல கிளிப் போட்டுக்கலாம்" என்று அங்கே சொன்னார்கள். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன். அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஒரே அறை, ஒரே மருத்துவர், அரை மணி நேரம். பார்த்தவர் எல்லாரும் குறை சொன்ன பிள்ளைக்குக் காத்திருக்கலாம் என்றார். யார் கண்ணுக்கும் படாத பிள்ளைக்கு இந்த மாதமே தொடங்க வேண்டும் என்றார். நம் கண்ணுக்குத் தெரிவது பல்லின் அழகு. மருத்துவர் பார்ப்பது எலும்பின் வளர்ச்சி. இரண்டும் வேறு வேறு என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஏன் ஏழு வயது?

குழந்தையை ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. ஏழு ஒன்றும் ராசியான எண் என்பதால் இல்லை. ஆறு வயதை ஒட்டி, பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. நிறைய வீடுகளில் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதே சமயத்தில் முன்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்குகின்றன. பின்னால் ஒரு தூண், முன்னால் ஒரு தூண். இரண்டும் நின்றுவிட்டால், மேல் தாடையும் கீழ்த்தாடையும் எப்படிப் பொருந்தப் போகின்றன என்பதை ஒரு மருத்துவரால் சொல்ல முடியும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்து இருக்கும் காலம். எலும்பு வளைந்து கொடுக்கும் காலமும் அதுதான்.

ஏழு வயதில் காட்டினால் ஏழு வயதிலேயே சிகிச்சை என்று பயப்பட வேண்டாம். போகும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு, பெரியவளுக்குச் சொன்ன மாதிரி, "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்பதுதான் பதிலாக இருக்கும். அந்தப் பதிலுக்காகவும் ஒருமுறை போய்வரலாம்.

இருபத்து நாலு ராத்திரி

சின்னவனுக்கு வைத்த கருவிக்கு எக்ஸ்பான்டர் என்று பெயர். மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, அண்ணத்துக்கு நடுவில் ஒரு சின்ன திருகை நிறுத்துகிறார்கள். நம் மேல் தாடை ஒரே எலும்பு இல்லை. வேர்க்கடலைப் பருப்பு மாதிரி இரண்டு பாதி. நடுவில் ஒரு தையல் கோடு ஓடுகிறது. சிறு வயதில் அந்தத் தையல் இளக்கமாக இருக்கும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் இரண்டு பாதியும் மெல்ல விலகும். விலகின இடத்தில் உடம்பு புது எலும்பை நிரப்பிக்கொள்ளும். பருவ வயது தாண்டத் தாண்ட அந்தத் தையல் இறுகிவிடும். அதற்கப்புறம் அண்ணத்தை விரிக்க எலும்பிலேயே திருகாணி பதிக்க வேண்டியிருக்கலாம், சிலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படலாம். ஏழரை வயதில் ஒரு சாவியால் முடியும் வேலை அது.

இந்த யோசனை புதிது என்று நினைத்தேன். தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. 1860-லேயே சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், பதினான்கரை வயதுப் பெண் ஒருத்திக்குத் திருகு வைத்து மேல் தாடையை விரித்ததாக எழுதியிருக்கிறார். அப்போது பலர் நம்பவில்லை. ஏறக்குறைய நூறு வருஷம் ஓரமாகக் கிடந்த அந்த முறையை 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்ற மருத்துவர் தன் ஆய்வுக் கட்டுரையால் மறுபடி பரவலாக்கினார்.

சாவியைத் திருப்புவது பெற்றோரின் வேலை. ஒரு திருப்பு கால் மில்லிமீட்டர். சின்னவனுக்கு ராத்திரிக்கு ஒரு திருப்பு, இருபத்து நாலு ராத்திரி, மொத்தம் ஆறு மில்லிமீட்டர். சாவியில் ஒரு நூல் கட்டி அதை விரலில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கை தவறினாலும் தொண்டைக்குள் போகக் கூடாது. அவன் அப்பா டார்ச் அடிப்பார், நான் திருப்புவேன். முன்னாலிருந்து தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் திருப்பு முடிந்ததாக அர்த்தம். மூன்றாம் நாள் ராத்திரி துளை பாதிதான் தெரிந்தது. சாவி மறுபடி ஏறவில்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "பயப்படாதீங்க. திருப்பை முழுசா முடிக்கல, அவ்வளவுதான். காலையில கூட்டிட்டு வாங்க" என்றார். அடுத்த நாள் அவரே என் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டார். அதன் பிறகு ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. தினசரி காலண்டர் தாளில் சின்னவனே ஒவ்வொரு நாளும் ஒரு டிக் போட்டுவிட்டுத்தான் அந்தத் தாளைக் கிழிப்பான்.

முதல் வாரம் சிரமம்தான். எச்சில் நிறைய ஊறியது. இட்லி அண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீரை எடுத்துப் பீய்ச்சிக் கழுவிவிடுவேன். முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, சூயிங்கம் எல்லாம் தள்ளுபடி. அந்தப் பொங்கலுக்கு அவனுக்குக் கரும்புச் சாறு மட்டும்தான்.

பேச்சும் தடுமாறியது. ழகரமும் ளகரமும் டகரமும் நாக்கு மேலே மடிந்து அண்ணத்துப் பக்கம் போய்த்தான் பிறக்க வேண்டும். அங்கே ஒரு இரும்பு நின்றால் நாக்கு எங்கே போகும்? "வாழைப்பழம்" என்று சொல்ல முயன்று முயன்று அழுதுவிட்டான். பள்ளிக்கூடத்தில் அவன் மிஸ்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். தினமும் ராத்திரி அவனும் அக்காவும் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தார்கள். பத்து நாளில் நாக்கு புது வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

பத்தாவது நாள் வாக்கில் அவன் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது. அப்பத்தா பதறிப்போனார். "நல்லா இருந்த பல்லைக் கெடுத்துட்டீங்களே" என்றார். அந்த இடைவெளிதான் எலும்பு விரிகிறது என்பதற்கு அடையாளம். டாக்டரம்மா முதல் நாளே சொல்லி வைத்திருந்ததால் எனக்குப் பயமில்லை. திருப்புவதை நிறுத்திய பிறகு, ஈறுக்குள் இருக்கும் நார்கள் இழுத்து அந்த இடைவெளி தானாக மூடிக்கொண்டது. புது எலும்பு இறுகும்வரை கருவி இன்னும் ஆறு மாதம் வாயிலேயே இருந்தது. கழற்றிய அன்று டாக்டரம்மா, "மெதுவா கடி" என்றார். கடித்தான். தாடை எந்தப் பக்கமும் போகவில்லை.

இடையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் போனோம். அவன் வாயைத் திறந்தே தூங்குவதும் குறட்டை விடுவதும் எங்கள் வீட்டில் செல்லமாகப் பேசிச் சிரிக்கும் விஷயமாக இருந்தது. தூசி ஒவ்வாமையும், மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீக்கமும் இருந்தது. அதற்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். மூக்கடைப்பால் வாயைத் திறந்தே மூச்சு விடும் பிள்ளைக்கு நாக்கு கீழேயே கிடக்கும். உள்ளிருந்து தாங்கும் நாக்கு இல்லாவிட்டால் அண்ணம் குறுகலாக வளர வாய்ப்பு அதிகம் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். பிள்ளை வாயைத் திறந்து தூங்கினால் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

எது காத்திருக்காது, எது காத்திருக்கும்

இந்த மூன்று வருஷத்தில் படித்ததையும் கேட்டதையும் வைத்து எழுதுகிறேன். இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள உதவும்.

*கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நகர்வது.* சின்னவனின் கதை. தள்ளிப்போடக் கூடாது.

*ஒரு மேல் முன்பல் மட்டும் கீழ்ப் பல்லுக்கு உள்ளே போய் மாட்டிக்கொள்வது.* ஒவ்வொரு கடிக்கும் கீழ்ப் பல் இடிபட்டு, அதன் ஈறு கீழே இறங்கிக்கொண்டே போகும். கழற்றி மாட்டும் ஒரு சின்ன கருவியில் இருக்கும் கம்பிச் சுருளால் பெரும்பாலும் சில மாதங்களுக்குள்ளேயே இதைச் சரிசெய்கிறார்கள்.

*கீழ்த்தாடை முன்னால் நிற்பது.* எங்கள் அம்மா வழியில் மூன்று பேருக்கு உண்டு. "குடும்ப ஜாடை" என்று சொல்லி விட்டுவிட்டோம். மேல் தாடை பின்தங்கியிருப்பதால் வரும் வகைக்கு, நெற்றியிலும் நாடியிலும் தாங்கும் ஒரு முகக் கவசத்தில் ரப்பர் மாட்டி மேல் தாடையை முன்னால் இழுக்கும் சிகிச்சை இருக்கிறது. பிரிட்டனில் 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆறு வருஷம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் 36 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 66 சதவீதம் பேருக்கும் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர்கள் கணித்தார்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. வளர்ச்சி முடிந்த பிறகு இந்த வாய்ப்பே இல்லை என்பதுதான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது.

*பால் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரமே இழப்பது.* பரமக்குடியில் என் அண்ணன் மகனுக்கு ஐந்து வயதில் சொத்தையால் ஒரு பால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். விழப்போகிற பல்தானே என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்து முளைத்த நிரந்தரக் கடைவாய்ப் பல் காலி இடத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. பதினொரு வயதில் வர வேண்டிய பல்லுக்கு இடமில்லை. அது இன்னும் எலும்புக்குள்தான் இருக்கிறது. பால் பல் தன் இடத்தில் வரப்போகும் பல்லுக்குத் துண்டு போட்டு வைத்திருக்கிறது. அது சீக்கிரம் போய்விட்டால், இடம் பிடித்து வைக்க ஒரு சின்ன கம்பி வளையம் போதும். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்று கேளுங்கள்.

*கோரைப் பல் வழி தவறுவது.* பத்து வயது வாக்கில் மேல் ஈறில் இரண்டு பக்கமும் மேடு தட்டுப்படவில்லை என்றால் கவனிக்க வேண்டும். ஸ்வீடனில் எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பால் கோரைப் பல்லை மட்டும் சரியான நேரத்தில் எடுத்துவிட்டதில், வழி தவறியிருந்த கோரைப் பற்களில் 78 சதவீதம் தானாக வழிக்கு வந்தன. பெரியவளின் ஈறை டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தது இதற்காகத்தான் என்று பின்னால் புரிந்தது.

*விரல் சூப்புவது.* நிரந்தர முன்பற்கள் முளைப்பதற்குள் நிறுத்திவிட்டால், விலகிய முன்பற்கள் பெரும்பாலும் தானாகக் கூடிவிடும். விரலில் வேப்பெண்ணெய் தடவும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிறு குழந்தைகள் வயிற்றுக்குள் அது போய் வலிப்பு வரை வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அடித்தும் நிற்காது. பகலில் கைக்கு வேலையும், தூங்கும்போது பக்கத்தில் நம் கையும் கொடுத்தால் நிறையப் பிள்ளைகள் விடுகிறார்கள்.

இனி, காத்திருக்கக் கூடியவை. முன்பல் சந்து பற்றி ஏற்கனவே சொன்னேன். லேசான நெரிசலும் பெரும்பாலும் காத்திருக்கும். பால் கடைவாய்ப் பற்கள் அவற்றுக்குப் பதிலாக வரும் பற்களை விட அகலமானவை. அவை விழும்போது கொஞ்சம் இடம் மிச்சமாகும்.

மேல் முன்பல் தூக்கி இருப்பது நடுவில் நிற்கும் விஷயம். காக்ரேன் அமைப்பு 2013-இல் வெளியிட்ட மதிப்பாய்வு இதைப் பற்றியதுதான். அதன் முதல் ஆசிரியர் பத்ரி திருவேங்கடாச்சாரி. சிறு வயதில் ஒருமுறை, வளர்ந்த பிறகு ஒருமுறை என்று இரண்டு கட்டமாகச் செய்தாலும், வளர்ந்த பிறகு ஒரே கட்டமாகச் செய்தாலும் கடைசியில் கிடைக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அது சொல்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: சீக்கிரம் தொடங்கிய பிள்ளைகளுக்கு விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது குறைவு. ஆகவே பல் மிகவும் தூக்கி இருக்கிறதா, பிள்ளை ஓடி விழுகிற ரகமா, சக பிள்ளைகளின் கிண்டலால் ஒடுங்கிப் போகிறானா என்பதையெல்லாம் வைத்து முடிவெடுக்க வேண்டும். "இப்பவே போடலைன்னா அவ்வளவுதான்" என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்பல் சந்தை மூட வீட்டிலேயே ரப்பர் பேண்டைச் சுற்றி விடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யவே கூடாது. ரப்பர் மெல்ல ஈறுக்குள் ஏறி, வேரைச் சுற்றியிருக்கும் எலும்பை அழித்து, கடைசியில் நல்ல பல்லே கழன்று விழுந்துவிடும். இணையத்தில் அளவு பார்க்காமல் விற்கும் சிலிகான் ட்ரேக்களையும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வீட்டில் ஐந்து நிமிடம்

நல்ல வெளிச்சத்தில் பிள்ளையை உங்களுக்கு நேரே உட்கார வையுங்கள். கடைவாய்ப் பற்கள் தொடும்படி மெதுவாகக் கடிக்கச் சொல்லுங்கள். இரண்டு சுட்டுவிரலால் கன்னத்தை விலக்கிப் பாருங்கள்.

மேல் வரிசை கீழ் வரிசையை முன்னாலும் இரண்டு பக்கமும் வெளியே சுற்றி நிற்கிறதா? மேல் முன்பற்களின் நடுக்கோடும் கீழ் முன்பற்களின் நடுக்கோடும் நேராக இருக்கின்றனவா? கடிக்கும்போது நாடி ஏதாவது பக்கம் நழுவுகிறதா? கடைவாய் தொட்டபிறகும் முன்னால் நாக்கு நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா? உதடு சிரமப்படாமல் மூடுகிறதா? ஒன்றில் சந்தேகம் வந்தாலும் காட்டிவிடுங்கள்.

போனால் கேட்க வேண்டியவை நான்கு. இது பல்லின் பிரச்சினையா, எலும்பின் பிரச்சினையா? ஒரு வருஷம் காத்திருந்தால் எதை இழப்போம்? இப்போது செய்தால் பன்னிரண்டு வயதில் மறுபடி கிளிப் தேவைப்படுமா? வீட்டில் நாங்கள் தினமும் என்ன செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால், தொடங்கலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

செலவு பெரிய கவலைதான், மறுக்கவில்லை. பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பல் சீரமைப்புக்கென்று தனித் துறை இருக்கும். அவற்றில் பலவற்றில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் பார்க்கிறார்கள். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி அப்படிப்பட்ட இடம். கூட்டம் இருக்கும், நடை அதிகம். ஆனால் பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் தாடை கோணலாக வளர வேண்டியதில்லை.

இப்போது

சின்னவனுக்குப் பத்தரை வயது. கடி நேராக இருக்கிறது. நாடி மூக்குக்கு நேரே நிற்கிறது. மீதிப் பற்கள் முளைத்த பிறகு ஒரு வருஷம் கிளிப் போட வேண்டியிருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதை முதல் நாளே சொன்னதால்தான் அவரை நம்புகிறேன். திருகின சாவியை நூலோடு ஒரு தீப்பெட்டியில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

பெரியவளுக்குப் பன்னிரண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனோம், பார்த்தார், அனுப்பினார். வேறு எதுவும் செய்யவில்லை. போன வருஷம் ஒரு பக்கக் கோரைப் பல் எட்டிப் பார்த்தது, பிறகு மறு பக்கம். போன மாதம் பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். "அம்மா, முன்னெல்லாம் நூலு சந்துல நழுவிடும்ல? இப்ப அறுந்துருச்சு" என்றாள். கண்ணாடி முன் போய் நின்றாள். வாயைத் திறந்து, உதட்டை மூடாமல், ரொம்ப நேரம் சிரித்துப் பார்த்துக்கொண்டாள்.

போன வாரம் நாத்தனார் பரவசமாக போன் செய்தார். அவர் மகளுக்கு முதல் பல் ஆடி விழுந்துவிட்டதாம். அப்பத்தா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "பல்லைக் கூரை மேல எறிஞ்சியா?" என்று கேட்டார். எறிந்துவிட்டோம் என்று பதில் வந்தது.

"சரி. கையோட பிள்ளையை ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரு."